மூன்றாவது ஓலை

டீ என் மடியில்தான் கொட்டியது.

நான் குடிக்கத் தூக்கியது வலது பக்கத்துக் கோப்பையை. கொட்டியதோ இடது பக்கத்துக் கோப்பையிலிருந்து. இரண்டும் விலாவோடு விலா ஒட்டி ஒரே பொருளாகிப் போயிருந்தன. ஒன்றைச் சாய்த்தால் மற்றதும் கூடவே சாயும். அன்றைக்கென்று புதுச் சுடிதார் வேறு. பீங்கான் பட்டறைகள் நிறைந்த செராமிக் எஸ்டேட் வாசலில் ராணியம்மாவின் டீக்கடை. அத்தனை பேர் பார்க்க எழுந்து நின்று உதறிக்கொண்டேன்.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டார் பிரிட்டோ. டீயைப் பற்றி அல்ல, கோப்பையைப் பற்றி.

"சுடுது" என்றேன்.

எங்களுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. அவர் எனக்குக் கொடுத்த முதல் பரிசு அந்த ஒட்டுக் கோப்பை. செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் ஒரு ரிப்பனும் கட்டிக் கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் டீ ஊற்றச் சொல்லி, "நீ அந்தப் பக்கம் குடி, நான் இந்தப் பக்கம் குடிக்கிறேன்" என்றார். ஒருவர் குடித்தால் இன்னொருவர் மேல் கொட்டும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

என்னோடு வேலை செய்த பத்மா அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்மாபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவர், எதையும் நேராகக் கேட்டுவிடுவார். "அழகாத்தான் இருக்குது தம்பி. ஆனா இத எப்பிடிக் கழுவறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அன்றைக்கு எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரச் சுடிதாரோடு அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு விரல் இடம்

எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கோப்பையின் அருமை புரியாது.

பீங்கான் சாமானை அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் ஒரு முறை சுடுவார்கள். பிறகு கிளேஸ் என்னும் பால் போன்ற கரைசலில் முக்கி எடுத்து மறுபடி சுடுவார்கள். பளபளப்பு வருவது அந்தக் கிளேஸால்தான். சூளைக்குள் அது உருகும், வெளியே வரும்போது கல்லாகிவிடும். பக்கத்தில் எது தொட்டுக்கொண்டிருந்தாலும் அதோடு சேர்த்துக் கல்லாகிவிடும்.

நான் கிளேஸ் தொட்டியில் இருந்தேன். ஒவ்வொரு கோப்பையையும் முக்கி எடுத்ததும் அதன் அடியை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரிட்டோ சூளைக்குள் போகும் வண்டியில் சாமான் அடுக்குகிறவர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டு அடுக்குவார். எங்கள் இருவர் வேலையும் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒட்டக்கூடாததை ஒட்டாமல் பார்த்துக்கொள்வது.

எஸ்டேட்டில் அவர் அடுக்கின வண்டியில் சேதாரமே வராது என்று பேர். எங்கள் பேச்சு தொடங்கியதும் அப்படித்தான். ஒருநாள் ஒரே ஒரு கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு வெயிலில் முற்றம் தாண்டி வந்தார். "அக்கா, இதுல அடி தொடைக்கல."

"தொடைச்சுடறேன். ஆனா அக்கான்னு மட்டும் கூப்பிடாதீங்க" என்றேன். பத்மா அக்கா இருமினார்.

அந்த மனிதர்தான் எனக்காக இரண்டு கோப்பைகளை வேண்டுமென்றே ஒட்டி வைத்துச் சுட்டார். தொழில் தெரியாதவன் செய்திருந்தால் தவறு என்று விட்டிருப்பேன். தெரிந்தவர் செய்ததால் காதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கொய்யாப்பழம்

நிச்சயமான கையோடு என் போனில் லொக்கேஷனைப் போட்டுவிடச் சொன்னார். "வண்டியில தனியா போற. வூடு போய்ச் சேந்தியான்னு தெரியணும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மனிதர் நம்மைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. போட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, தள்ளுவண்டிக்காரரிடம் கொய்யாப்பழம் வாங்கினேன். மிளகாய்த்தூள் போட்டு நறுக்கித் தந்தார். நின்று சாப்பிட்டேன். பாதிப் பழத்தில் போன் வந்தது.

"அங்க எதுக்கு நிக்கிற?"

"கொய்யாப்பழம் சாப்பிடறேன்."

"யாரோட?"

"மிளகாத்தூளோட."

அவர் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். நானும் கடித்த பழத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் பார்த்தால் பழம் ருசிக்கவில்லை. மீதியை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி கடைசியாக யாருக்கு மெசேஜ் போட்டாய்? சென்னையில் இருக்கும் தங்கச்சி எஸ்தரோடு அவ்வளவு நேரம் என்ன பேச்சு? வேலை நேரத்தில் வீடியோ கால். எடுக்காவிட்டால் திரும்பவும் வீடியோ கால். கடைசியில் போன் லாக்கைச் சொல்லு என்று வந்து நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். "கட்டிக்கப் போறவருதானே, பாத்தா என்னாடி? அப்பிடி என்னா ரகசியம் இருக்குது உங்கிட்ட?" என்றார்.

இந்தக் கேள்விக்கு இன்று வரைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ரகசியம் இருந்தால்தான் கதவு வேண்டுமா? குளிக்கும்போது எல்லோரும்தான் தாழ்ப்பாள் போடுகிறோம். உள்ளே என்ன திருட்டா நடக்கிறது? என் போனில் இருந்ததெல்லாம் தங்கச்சி பிள்ளையின் போட்டோவும், பத்மா அக்கா அனுப்பும் கருவாட்டுக் குழம்பு வீடியோவும்தான். அதைக்கூட நானாகக் காட்டினால்தான் காட்டியது ஆகும்.

வரப்பு

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம்.

அப்பாவுக்குத் திட்டக்குடி பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. பக்கத்து நிலம் அவருடைய சித்தப்பா மகனுடையது. அவர் ஒவ்வொரு நடவுக்கும் மண்வெட்டியை எடுத்து நடு வரப்பைத் தன் பக்கமிருந்து கொஞ்சம் செதுக்குவார். களை எடுக்கிற மாதிரி, வரப்பைச் சீர் செய்கிற மாதிரி. கேட்டால், "எலி வளை அண்ணே" என்பார்.

அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். "நம்ம பயதானே, வுடு." அடுத்த வருஷமும் அதே பேச்சு. நான் சிறுமியாக இருந்தபோது அந்த வரப்பில் அம்மா தலையில் கூடையோடு நடந்து வருவார். நான் ஸ்கூல் முடிக்கிற காலத்தில் அதில் ஓர் ஆட்டுக்குட்டிகூட நேராக நடக்க முடியாது. சித்தப்பா மகன் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறுவார். பரிமாறிவிட்டுப் போய் வரப்பைச் செதுக்குவார்.

எனக்கு அப்பாமேல்தான் ஆத்திரமாக வரும். ஒரு வார்த்தை கேட்டால் என்ன? உறவு முறிந்துவிடும் என்று பயம். முறியாத உறவோடு வரப்பு போய்க்கொண்டே இருந்தது.

லாக்கைக் கேட்ட அன்று எனக்கு அந்த வரப்புதான் ஞாபகம் வந்தது. நான் அப்பாவின் மகள்தான். ஆனால் அந்தக் குணம் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஜூஸ் கடை

எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் திருமணம் செய்ய இருக்கிறார்கள். இவர்களுக்குள் ஏதாவது தடை இருப்பது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லவேண்டும் என்று அறிவிப்பார்கள். மூன்று வாரம் வாசித்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் கல்யாணம்.

எங்கள் முதல் ஓலை வாசித்தாயிற்று. பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவரைக் கட்டிக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையோடுதான் அந்த வாரம் அவரைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடைக்கு வரச் சொன்னேன்.

சாத்துக்குடி ஜூஸ் வந்தது. நான் போனை எடுத்து, அவர் பார்க்கவே லொக்கேஷனை நிறுத்தினேன்.

"ஏன்?"

"எங்க போறேன்னு நானே சொல்றேன். சொல்லாத எடமும் ரெண்டு இருக்கும். கொய்யாப்பழம் சாப்பிடற எடம் மாதிரி."

"கோவமா?"

"கோவமில்ல. லாக்கும் சொல்லமாட்டேன். வேலையில இருக்கறப்ப கால் பண்ணா எடுக்கமாட்டேன். அவசரம்னா பத்மா அக்காவுக்குப் பண்ணுங்க. ஒரு விஷயத்துக்கு நான் இல்லன்னு சொன்னா இல்லதான். மறுபடி மறுபடி கேட்டா ஆமான்னு ஆயிடாது."

அவர் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன நம்பலையா நீ?"

"நம்பறதால சொல்றேன். நம்பாதவங்ககிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்? பேசாம போயிருப்பேன்."

ஜூஸைக் குடித்து முடித்துவிட்டு, "சரி" என்றார். "செல்வி சொன்னா சரிதான்." வெளியே வந்து என் வண்டியைத் திருப்பி வைத்துக் கொடுத்தார். நான் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள்.

முகம்

அடுத்த சில நாட்களிலேயே அது நடந்தது.

நான் இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கிளேஸ் தொட்டிக்குள் விட்டிருந்தேன். ஊறுகாய் ஜாடிக்கு அவசர ஆர்டர். போன் ஜன்னல் மேட்டில் இருந்தது. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டோ ஜாடித் தட்டுகளை எடுத்துப்போக உள்ளே வந்தார்.

"யாரு இத்தன தடவ?"

"தெரியல. கை ஈரமா இருக்குது, அப்புறம் பாத்துக்கறேன்."

அவர் போனை எடுத்தார். காலை எடுக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். அதற்குள் மணி நின்றுவிட்டது. அவர் போனைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பூட்டு திறந்துகொண்டது. என் முகத்தை வைத்தே திறந்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படிக்க ஆரம்பித்தார்.

"குடுங்க."

"இரு."

"பிரிட்டோ, குடுங்க."

"இருன்னு சொல்றேன்ல."

கையிலிருந்து கிளேஸ் சொட்டச் சொட்ட நான் நின்றேன். அவர் எஸ்தருக்கு நான் அனுப்பியிருந்ததைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். "ஆசையாவும் இருக்குது, பயமாவும் இருக்குதுடி." படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"எதுக்குப் பயம்? என்னப் பாத்தா?"

"இதுக்குத்தான்" என்றேன்.

வெள்ளைக் கையோடு பாய்ந்து போனைப் பிடுங்கினேன். அவர் சட்டைக் கையில் என் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. பத்மா அக்கா பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். பிரிட்டோ ஜாடித் தட்டையும் எடுக்காமல் வெளியே போனார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அவமானம். அந்த மனிதரைப் பிடிக்கிறது என்பதுதான் அதில் பெரிய அவமானமாக இருந்தது. பிடிக்காதவர் செய்திருந்தால் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஜாடியைத் துடைத்திருப்பேன்.

தடை இருந்தால்

சனிக்கிழமை சாயங்காலம் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். மறுநாள் மூன்றாம் ஓலை. அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. தடை இருந்தா சொல்லணும்னு ரெண்டு வாரமா வாசிச்சீங்க. ஒரு தடை இருக்குது. சொல்ல வந்தேன்."

"யாரு கல்யாணத்துக்கும்மா?"

"என் கல்யாணத்துக்கு."

அவர் குழாயை மூடினார். தடை என்றால் முன்னாலேயே கல்யாணம் ஆகியிருப்பது, நெருங்கிய ரத்த உறவு, அந்த மாதிரி விஷயம் என்று பொறுமையாக எனக்கு விளக்கினார். அதெல்லாம் எனக்கும் தெரியும்.

"இவருக்கு நான் இல்லன்னு சொன்னா காதுல வுழல சாமி."

"அத நீ அந்தப் பையன்கிட்டதானே சொல்லணும்?"

"சொல்லிட்டேன். சரின்னாரு. அப்புறமும் நடந்துச்சு. அதான் இங்க வந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். போனை முகத்துக்கு நேராகப் பிடித்தது வரைக்கும். இது சின்ன விஷயம் என்று சொல்வார், சமாதானம் செய்து அனுப்புவார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவரோ, "நிறுத்திடவா, தள்ளி வைக்கவா?" என்றார்.

"தள்ளி வைங்க. எத்தன நாளுன்னு மட்டும் கேக்காதீங்க."

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, ஊர் வாயை எதை வைத்து மூடுவது? நான் போனை எடுத்து முகம் காட்டித் திறப்பதை நிறுத்திவிட்டு, எண் பூட்டைப் போட்டேன். அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டேதான் போட்டேன்.

திரும்பிய தலைகள்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றார் அம்மா. நான் முதல் ஆளாகக் குளித்துக் கிளம்பினேன். நிச்சயத்துக்கு எடுத்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டினேன். "இதையா கட்டுற?" என்றார் அம்மா. "நான் எடுத்த புடவைதானே" என்றேன்.

பூசை முடியும் நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை. இன்னொரு ஜோடிக்கு இரண்டாம் ஓலை. அதோடு தாளை மடித்துவிட்டார்.

ஒரு தலை திரும்பியது. பிறகு ஒரு பெஞ்சே திரும்பியது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் வரைக்கும். அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. நான் ஓடிப்போகவில்லை, திருடவில்லை. என் கல்யாணத்தில் எனக்கு ஒரு வார்த்தை இருந்தது, அதைச் சொன்னேன்.

வாசலில் பிரிட்டோ நின்றிருந்தார்.

"அப்ப நான் வேணாமா?"

"வேணும். வேணும்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன்."

"ஊரே சிரிக்குது செல்வி."

"சிரிக்கட்டும். நாளைக்கு நான் தெனம் அழுவறதுக்கு, இன்னைக்கு இவங்க சிரிச்சுட்டுப் போவட்டும்."

மூன்றாம் ஓலை இல்லாமலே அவரவர் வீட்டுக்குப் போனோம்.

எனக்கு ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல்கூட, அப்பா வெள்ளைச் சட்டையை மாற்றாமல் திட்டக்குடி பக்கத்து மங்களூருக்குப் பஸ் ஏறினார். பிரிட்டோவின் ஊர் அது. அங்கே அவருடைய பெற்றோரிடம், "எம் மவ சொன்னது சொன்னதுதாங்க. அது எப்ப சரிங்குதோ அப்பப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வரப்புக்காக வாய் திறக்காத மனிதர். வந்து, "போயிட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன்.

அடுத்த நடவுக்கு முன்னால் அப்பா கயிறு கட்டிப் புது வரப்பு போட்டார் என்று கேள்விப்பட்டேன். சித்தப்பா மகனிடம் என்ன பேசினார் என்று தெரியாது. விசேஷங்களுக்கு அவர் இன்னும் வந்து பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் நான் அந்த ஒட்டுக் கோப்பையை எஸ்டேட்டுக்கு எடுத்துப்போய், சாமான் தேய்க்கிற மெஷினில் வைத்து நடுவில் அறுத்தேன். ஒன்று உடைந்துபோனது. மற்றதில் விலாப்பக்கம் சொரசொரப்பாக ஒரு தழும்பு நின்றது. உடைந்தது யாருடையது, மிஞ்சியது யாருடையது என்று பத்மா அக்கா கேட்டார். இரண்டும் ஒரே அச்சு, எனக்கு எப்படித் தெரியும்? மிஞ்சியதில் டீ ஊற்றிக் குடித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கொட்டவில்லை.

ராணியம்மா கொண்டுவந்த சேதி

பிரிட்டோ வேறு யூனிட்டுக்கு மாறிப் போய்விட்டார். மாதங்கள் போயின. எனக்கு இரண்டு வரன் வந்தன. ஓலை நின்ற பெண் என்று தெரிந்ததும் இரண்டும் போயின. பேசினவர்கள் பேசினார்கள். அழுத நாளும் உண்டு. ஆனால் சாமியாரிடம் போனதற்காக ஒருநாளும் வருந்தவில்லை.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் ராணியம்மா கிளேஸ் அறைக்கு வந்தார். "பிரிட்டோ தம்பி நம்ம கடையில நிக்கிது. ஒங்கிட்டப் பேசலாமான்னு கேக்கச் சொல்லிச்சு. முடியாதுன்னா போயிடறேங்குது."

போன் செய்யவில்லை. உள்ளே வரவில்லை. கேட்டு அனுப்பியிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது.

"இன்னைக்கு முடியாதுன்னு சொல்லுங்க" என்றேன்.

பத்மா அக்கா என்னைப் பார்த்தார். "ஏன்டி?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. என்னுடைய 'இல்லை' என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் டீ தம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை. கால் வரவில்லை, மெசேஜ் வரவில்லை.

சில வாரம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ராணியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்னா போஸ்ட்மேனா?" என்றார். அந்த முறையும் அவர் பேசாமல் போனார். அதற்கடுத்த முறை கையைக் கழுவிக்கொண்டு நானே கடைக்குப் போனேன்.

மெலிந்திருந்தார். பெஞ்சில் எனக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"ஒன் போனப் படிச்சேன்ல. படிச்சும் எனக்குப் பயம் போவல. அன்னைக்கு ராத்திரி இன்னும் ஜாஸ்தியாச்சு. அப்ப அது ஒன் போன்ல இல்லன்னு தோணுச்சு" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். சொல்லும்போது அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை.

நான் நிறையக் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். சிலதற்குத் தெரியாது என்றார். தெரியாது என்றது எனக்குப் பிடித்தது.

உடனே சரி சொல்லவில்லை. ஒரு நடவும் ஓர் அறுப்பும் போகட்டும் என்றேன். போனது. அந்தக் காலத்தில் எத்தனையோ தடவை இல்லை என்றேன், சில தடவை அவரும் என்னிடம் இல்லை என்றார். பிறகு நானே போய்ச் சாமியாரிடம் சொன்னேன். முதல் இரண்டுதான் வாசித்தாயிற்றே, மூன்றாவதை மட்டும் வாசித்தால் போதாதா என்று அம்மா கேட்டார். போதாது என்றேன். அந்த இரண்டு ஓலையும் முன்பு நாங்கள் இருந்த வேறு ஜோடிக்கு வாசித்தது. முதலிலிருந்து மூன்றும் வாசிக்கவேண்டும். வாசித்தார்கள். மூன்றாம் வாரம் ஆர்மோனியக்காரர் முதற்கொண்டு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் எழுந்து ஏதாவது சொல்வேனோ என்று. நான் எழுந்திருக்கவில்லை.

எழுதாதது

வாரப் பத்திரிகையில் வரும் இந்தத் தொடரை நான் போனில்தான் எழுதுகிறேன். அந்தப் போனின் பூட்டு எண் என் கணவருக்கு இன்றும் தெரியாது. அவருடையது எனக்கும் தெரியாது. எழுதி முடித்து அனுப்பியதை அவருக்குக் காட்டுவதும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக் கடையில் புத்தகம் வந்ததும் காசு கொடுத்து வாங்கித்தான் படிக்கிறார். படித்துவிட்டு, "கருவாட்டுக் குழம்பப் பத்தி எழுதியிருக்க, வச்சுத்தான் குடுக்கல" என்பார்.

இந்த வாரத்துக்கு மட்டும் முன்கூட்டியே கேட்டேன். "உங்களப் பத்தி எழுதலாமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் ஆயிற்று. ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் இவரைத் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில், தழும்புக் கோப்பையில் எனக்கு டீ ஊற்றி வைத்துக்கொண்டே சொன்னார்.

"எழுது. பேர மாத்திடு. கோப்ப, போன், கோவில், எல்லாத்தையும் எழுது. ஆனா அன்னைக்கு ராணியம்மா கடையில கடைசியா ஒண்ணு சொன்னேன் பாரு, அது மட்டும் வேணாம்."

"சரி" என்றேன்.

பிரிட்டோ என்பது அவர் பெயரில்லை. அந்தக் கடைசி விஷயத்தையும் இங்கே எழுதவில்லை. அதுதான் கதைக்கே உயிர், ஒரு வரியாவது சேருங்கள் என்று ஆசிரியர் கேட்டார். முடியாது என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் முடியாது என்றேன்.

நீங்களும் கேட்டு எழுதாதீர்கள். சொல்லமாட்டேன்.